ஆறாவது சிலிண்டர்

ஒன்றுமில்லை என்றுதான் வதனி முதலில் நினைத்தாள். எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததென்று மாறிப்போகாமல் துணியில் வரிசையாகப் பரப்பி, உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஐந்து வரைக்கும் எல்லாம் அவள் எதிர்பார்த்த நிறத்தில்தான் இருந்தன, நனைந்து, கொஞ்சம் சாம்பல் பூத்து, நன்றாகக் குடித்துவிட்டு நித்திரையானவன் முகம் மாதிரி. ஆறு மட்டும் வறண்டிருந்தது. வறண்டதோடு, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் சிந்தினாற்போல இரண்டு மூன்று புள்ளிகள். கறுப்பாக இருந்தால் வெறும் அழுக்கு. வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், அலுமினியம் என்றால் உள்ளே பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது கறுப்புமில்லை, வெள்ளியுமில்லை. கூடாரத்துக்கு வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெயிலில் எல்லாமே மினுங்கியது. திரும்ப நிழலுக்குள் வந்தாள். நிழலில் எல்லாமே கறுப்பாக இருந்தது. அரையிறுதியில் வென்று வந்து எஞ்சின் இன்னும் சூடு ஆறவில்லை, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் இறுதி ஓட்டம், அதற்குள் எட்டுப் பிளக்கும் புதிதாகப் போட்டு, வால்வுகளைச் சரிபார்த்து, எரிபொருளின் அளவைத் தீர்மானித்து, கார் ஓட்டுகிற கணவன் சபேசனை உள்ளே இருத்திக் கட்டி, வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். சிட்னிக்கு மேற்கே, புல் காய்ந்த வெளியில் நேர்கோடாய்ப் போட்ட அந்தத் தார்ப்பாதையில் கால் மைல் தூரத்தை இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கமாக ஓடி முடிக்க ஆறு செக்கனும் எடுக்காது. அந்த ஆறு செக்கனுக்காக அவள் வாரத்தில் எத்தனை பின்னேரங்களைக் கொடுக்கிறாள் என்று பால் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் கேட்பதுண்டு. அவள் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள்.

“என்ன, கனநேரமாப் பாக்கிறீர்?” என்று சபேசன் கேட்டான். கார் ஏற்றிவந்த ரக்கின் நிழலில் மடக்குக் கதிரையில் இருந்தான், தீப்பிடிக்காத சட்டையை இடுப்புவரை உரிந்து விட்டுக்கொண்டு, மட்டன் ரோல் ஒன்றைக் கடித்தபடி. அவள் காலையில் பொரித்துக்கொண்டு வந்த ரோல். ஐம்பது வயதாகிறது, ஓடப்போகும் நாளிலும் வயிறு நிறையச் சாப்பிடுகிற மனிதன். “ஆறு கொஞ்சம் வறண்டு கிடக்கு” என்றாள். “கொஞ்சமெண்டா?” “கொஞ்சமெண்டாக் கொஞ்சம்தான்.” “போன முறையும் ஆறெண்டுதான் சொன்னனீர், கழட்டிப் பாத்தா ஒண்டுமில்லை.” அது உண்மை. போன முறையும் ஆறுதான். அதற்கு முதல் முறையும் ஆறைப் பற்றி நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. ஒரு பல்லில் நாக்குப் போய்ப் போய்த் தட்டுவதுபோல அவளுடைய மனம் ஆறில் போய்த் தட்டிக்கொண்டிருந்தது, தட்டத் தட்ட அந்தப் பல்லில் உண்மையாகவே நோ இருக்கிறதா, அல்லது நாக்குத் தட்டுவதால்தான் நோகிறதா என்பது தெரியாமல் போய்விட்டது. எஞ்சினின் இடப்பக்கத்தில் கிரேக் குனிந்து நின்று வால்வுகளை அளந்துகொண்டிருந்தான். பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள வெள்ளைக்காரன், ஓட்டங்களுக்கு உதவிக்கு வருகிறவன், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு அவன் பக்கம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு அவள் பக்கம். அவள் தன் பக்கத்தை அளந்து முடித்தாள். எல்லாம் சரி. ஆறும் சரி. ஆறை இன்னொருமுறை அளந்தாள். அதே அளவு.

காற்றைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரத்தில் ஆறைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். வானிலைக் கருவியில் வெப்பம் முப்பத்தெட்டு, காற்று மெலிந்து போய்க் கிடக்கிறது. ஆனால் தெற்கிலிருந்து குளிர்காற்று வருகிறதென்று மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் அது வந்தால் அறிவித்துவிட்டு வராது, ஒரு கதவைத் திறந்த மாதிரி வரும், கால்மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பாகை இறங்கிவிடும். குளிர்ந்த காற்று தடித்த காற்று. எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்து, பட்டியால் சுழன்று, காற்றை அள்ளி அள்ளி உள்ளே திணிக்கிற சூப்பர்சார்ஜருக்கு அது பெரிய விருந்து, காற்றுக் கூடினால் அதற்கேற்ப மெதனோலும் கூடவேண்டும், கூடாவிட்டால் எஞ்சின் பட்டினியோடு எரியும், பட்டினியோடு எரிகிற எஞ்சின் தன் பிஸ்டனையே தின்னும். மெதனோல் பெற்றோல் மாதிரி இல்லை, இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும், அதை அளந்து ஊற்ற மூளையுள்ள கருவி எதுவும் இந்தக் காரில் கிடையாது. எஞ்சின் சுற்றுகிற வேகத்துக்குப் பம்ப் இறைக்கும், இறைத்ததில் மிச்சத்தை ஒரு சின்னத் துளை தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். துளை பெரிதென்றால் திரும்பிப் போவது கூட, எஞ்சினுக்குக் கிடைப்பது குறைவு. துளை சின்னதென்றால் எஞ்சினுக்கு நிறைய. தொடக்கத்தில் இது அவளுக்குத் தலைகீழாக இருந்தது, பெரிய துளை என்றால் நிறைய என்றுதானே யாருக்கும் தோன்றும். இப்போது அந்தத் துளைகள் போட்ட பித்தளைக் குமிழ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் ஒரு தலைமயிர் அளவுகூட இல்லை. குளிர்காற்று ஓட்டத்துக்கு முதலே வந்துவிடும் என்று நம்பிச் சின்னத் துளையைப் போட்டால், வராவிட்டால், எஞ்சின் அளவுக்கு மீறிக் குடித்து வயிறு ஊதிக் கிடக்கும், சபேசன் தோற்பான். வராது என்று நம்பிப் பெரியதைப் போட்டால், வந்துவிட்டால், ஆறு. எல்லா யோசனையும் கடைசியில் ஆறில் போய்த்தான் நின்றது.

அவளுடைய காது நல்ல காது. அது அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தெரிந்தது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்கள் அவை, மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின, ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பிடிக்காது, அதனால் ஒரு சின்னப் போத்தலில் தங்கத்தைப் போல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை ரியூப் வழியே உள்ளே விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். முந்தி மாற்றினால் எஞ்சின் இருமிச் செத்துவிடும், பிந்தி மாற்றினால் பெற்றோல் வீண். பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு காது கேளாது. ஆகவே அவர் உதைப்பார், அவள் குந்தியிருந்து போத்தலைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பிடிச்சிட்டுதோ பிள்ளை? இன்னும் இல்லை. இப்ப? பொறுங்கோ. இப்ப? ஓம், விடுங்கோ. அப்போது அவள் பயப்பட்டதேயில்லை, செல்லுக்குப் பயந்தாள், மேலே பறக்கிற குண்டுவீச்சு விமானத்துக்குப் பயந்தாள், ஆனால் எஞ்சின் பிடித்துவிட்டதா என்பதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, அது தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற சத்தம், அது இறங்கிவிட்டதென்றால் இறங்கிவிட்டது. பிறகு இந்த நாட்டுக்கு வந்து, கலியாணம் முடித்து, சபேசன் பழைய ரேஸ் கார் ஒன்றை ரக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில், இது என்ன கூத்து என்றுதான் அவளும் கேட்டாள். அதை முதன்முதல் முடுக்கியபோது அயல்வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன, மெதனோல் புகை கண்ணில் வெங்காயமாய் எரிந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், ஒண்டு பிடிக்கேல்லை, ஏழுதான் வேலை செய்யுது. அன்றிலிருந்து எஞ்சின் அவளுடையது, ஸ்டியரிங் அவனுடையது. ஒருவரும் தீர்மானித்து நடந்ததில்லை.

இப்போது அந்தக் காதை அவளால் நம்ப முடியவில்லை. போன வருடம் வேறோர் ஊரில், பயிற்சி ஓட்டத்தின் முடிவில், எரிபொருள் குழாய் ஒன்று பிய்ந்தது. மெதனோல் நெருப்புப் பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகையில்லை, சிவப்பில்லை, ஒன்றுமில்லை. சபேசன் காரை நிறுத்திவிட்டு எழுந்து கைகளை உதறிக்கொண்டு நின்றான், ஓட்டம் நன்றாகப் போன சந்தோசத்தில் ஆடுகிறான் என்று பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வதனி கண்டது காற்றை. அவன் தோளுக்கு மேலே காற்று தண்ணீர்போல நெளிந்துகொண்டிருந்தது. அவள் கத்திக்கொண்டு ஓடினாள். இடக்கையில் தோல் எடுத்து ஒட்டினார்கள், இன்னும் அந்த விரல்கள் முழுதாக மடியாது. மகள் ஆரணி அதற்குப் பிறகு ரேஸ் பார்க்க வருவதில்லை, ஓட்டம் முடிந்ததும் போன் எடுத்துச் சொல்லுங்கோ என்பாள், அவ்வளவுதான். சபேசன் தையல் பிரித்த கிழமையே புதுக் கையுறைக்கு ஓடர் கொடுத்தான். அவனுக்கு அது முடிந்த விசயம். அவளுக்கு அது முடியவில்லை, ஆனால் அழுகையாகவோ கனவாகவோ வரவில்லை, எஞ்சினுக்குள் போய் ஒளித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் எங்கோ ஒரு சத்தம் பிழையாகக் கேட்டது. கழற்றிப் பார்த்தால் ஒன்றுமில்லை. காது கேட்கிறதா, பயம் கேட்கிறதா? இரண்டுக்கும் ஒரே வாசல்தான் போலிருக்கிறது, உள்ளே வருகிறவன் எவனென்று வாசலுக்குத் தெரியாது.

“சின்னத் துளையைப் போடப்போறன்” என்றாள். சபேசன் எழுந்து வந்தான். “காத்து இன்னும் வரேல்லையே.” “வரும்.” “வராட்டி?” “வராட்டித் தோப்பியள்.” அவன் பித்தளைக் குமிழ்ப் பெட்டியைப் பார்த்தான். அரையிறுதி ஓட்டம் அவர்கள் இதுவரை ஓடியதிலேயே நல்ல ஓட்டம், அந்த அளவை மாற்ற யாருக்கும் மனம் வராது. இறுதியில் எதிரே நிற்பது மெல்பேர்ன் குடும்பம் ஒன்று, தகப்பன், தமையன், பெறாமகன் எல்லோரும் ரேஸ்காரர்கள், ஏழு வருடமாகச் சபேசன் அவர்களிடம்தான் தோற்று வருகிறான். “ஆறுக்காகத்தானே செய்யிறீர்?” என்று கேட்டான். “காத்துக்காக” என்றாள். பாதி பொய். “உம்மட எஞ்சின். போடும்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மேலே இழுத்துப் பூட்டத் தொடங்கினான். இடக்கை விரல்களால் பூட்ட முடியாமல் வலக்கையால் பூட்டினான், அவள் உதவிக்குப் போகவில்லை, போனால் அவனுக்குப் பிடிக்காது. ஆறாவது சிலிண்டருக்கு மட்டும், எரிபொருளை உள்ளே தெளிக்கிற ஊசிமுனைக் குழாயை ஒரு அளவு பெரிதாக மாற்றினாள், இதில் பெரிதென்றால் நிறைய. யாரிடமும் சொல்லவில்லை, கிரேக் மட்டும் பார்த்தான்.

அவர்கள் வரிசையில் நிற்கும்போது காற்று வந்தது. முதலில் தூரத்துக் கொடிகள் சோர்ந்து விழுந்தன, பிறகு எதிர்ப்பக்கமாக விறைத்து நின்றன, பிறகு அவளுடைய கழுத்துப் பின்புறத்தில் வேர்வை குளிர்ந்தது. கிரேக் அவளைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். வந்துவிட்டது, சரியாகவே கணித்துவிட்டாள், இப்போது எஞ்சின் கேட்பதெல்லாம் எஞ்சினுக்குக் கிடைக்கும், இனி ஆறைப் பற்றி நினைக்கத் தேவையில்லை, தேவையில்லை என்று நினைத்தவுடனேயே ஆறைப் பற்றி நினைத்தாள். சபேசன் உள்ளே இருந்தான், பழைய பாணிக் கார், எஞ்சின் முன்னால், அவன் பின்னால், சூப்பர்சார்ஜர் அவன் முகத்துக்கு நேரே. பட்டிகளை இழுத்து இறுக்கும்போது தலைக்கவசத்துக்குள் இருந்து, “நல்லாத்தான் இருக்கு காத்து” என்றான். “ஓம்” என்றாள். முடுக்கினார்கள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அவன் தண்ணீரில் ரயர்களைச் சுழற்றிப் புகையெழுப்பிச் சூடாக்கிக்கொண்டு முன்னால் போனான், பிறகு பின்னோக்கி வந்தான், அவள் அவனுக்கு முன்னால் நடந்து இரண்டு கையாலும் இடம் காட்டி, இடது, இடது, நேரே, போதும். நிறுத்தினான். அவள் வலப்பக்கம் குனிந்து ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. நான்கு குழாய்களிலிருந்தும் ஆவி ஒரே மாதிரி வந்தது. கண் எரிந்தது. எல்லாம் சரி.

அப்போது எஞ்சின் தும்மியது. ஒருமுறை. தும்மல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈரமான ஒரு சின்ன மூச்சு, மேலே காற்று உள்ளே போகிற வாயிலிருந்து வெளியே வந்தது, அந்தப் பேரிரைச்சலுக்குள் ஒருவரும் கேட்டிருக்க முடியாது, கிரேக் அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று விலகிப் போய்க்கொண்டிருந்தான். அவள் குனிந்தபடியே நின்றாள். இன்னொருமுறை வரட்டும். வரவில்லை. இன்னொருமுறை வந்தால் நிறுத்தலாம், ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை, குளிர்காற்று, நிறைய எரிபொருள், சூடாறாத எஞ்சின், ஒருமுறை தும்மாத எஞ்சின் எது, ஆறுதான், ஆறுக்கு ஊசிமுனை கூட்டினாயே அதனால்தான், நீ செய்ததைத்தான் நீ கேட்கிறாய், அல்லது கேட்கவேயில்லை, போன முறையும் கேட்டாய், அதற்கு முதலும் கேட்டாய். பக்கத்துப் பாதையில் மெல்பேர்ன் கார் கோட்டுக்கு வந்து நின்றுவிட்டது, அது தயாரென்று காட்டும் விளக்கு எரிந்தது. தொடக்கிவிடுகிறவர் அவளைப் பார்த்தார். சபேசன் அவளைப் பார்த்தான், கண்ணாடிக்குள் கண்கள் மட்டும், பெருவிரலை உயர்த்தினான். அவளும் உயர்த்தவேண்டும், உயர்த்திவிட்டு விலகவேண்டும், அது பழகிய கை, தானாகவே எழும். கை எழுந்தது. எழுந்த கை கழுத்துக்குப் போய், கழுத்தைக் குறுக்கே அறுத்தது. நிறுத்து. அவன் நிறுத்தவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருடம் அந்தப் பார்வையில் இருந்தது. அவள் இன்னும் ஒரு அடி கிட்டப் போய், அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொருமுறை அறுத்தாள். அவன் எரிபொருளை நிறுத்துகிற நெம்புகோலை இழுத்தான். எஞ்சின் இறங்கி நின்றது. மெல்பேர்ன் கார் தனியே பாய்ந்து போனது, அது போய்ச்சேர்ந்த பிறகுதான் சனம் கைதட்டியது.

காரைத் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார்கள். சபேசன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அதோடேயே நடந்து வந்தான். “என்ன கண்டனீர்?” என்று கடைசியில் கேட்டான். “காணேல்லை. கேட்டனான்.” “என்ன கேட்டனீர்?” “தும்மினது.” “எத்தினை தரம்?” “ஒருக்கா.” அவன் தலைக்கவசத்தைக் கழற்றி ரக்கின் படியில் வைத்தான், மெதுவாகத்தான் வைத்தான், எறிந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் நேரே ஆறுக்குப் போனாள். பிளக்கைக் கழற்றினாள். சுத்தம். நல்ல நிறம். வால்வு மூடியைத் திறந்து ஆறைப் பார்த்தாள், ஸ்பிரிங், கம்பி, ஆணி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. விரலால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சரி, பயம்தான் என்று நினைத்தாள், மிகவும் சாதாரணமாக, மழைதான் என்று நினைப்பதுபோல. பயம்தான் கேட்டிருக்கிறது. இனி இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கவேண்டும், நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், பிறிஸ்பேனில் ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம், சபேசனுக்கு இன்றிரவே சொல்லிவிடலாம். துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். கிரேக் எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, முன்பக்கமாக நகர்ந்து, டோர்ச்சை அடித்துப் பார்த்தான். பிறகு, அந்தச் சின்னக் குரலில், “வதனி, இங்கே வா” என்றான்.

இரண்டு. இரண்டாவது சிலிண்டரில் காற்றை உள்ளே விடுகிற வால்வின் ஸ்பிரிங், வெளிச்சுருள் உட்சுருள் இரண்டும், ஒரே இடத்தில் முறிந்து ஒன்றன்மேல் ஒன்று குந்தியிருந்தன. வால்வு முழுதாக மூடாமல் நகக்கண் அளவு திறந்து கிடந்தது. முறிந்த இடம் புதுச் சில்லறைபோல வெளுத்திருந்தது, எண்ணெய்க் கறைகூடப் படவில்லை. ரயர்களைச் சுழற்றியபோது முறிந்திருக்கவேண்டும், அதற்கு முதல் அவள் அளந்தபோது அது முழுதாகத்தான் இருந்தது. முழு வேகத்தில் போயிருந்தால் உள்ளே எரிகிற நெருப்பு அந்த இடைவெளியால் மேலே ஏறியிருக்கும், மேலே சூப்பர்சார்ஜருக்கு அடியில் மெதனோல் ஆவி நிறைந்த பெட்டி. வெடிக்கும்போது அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் நாடாக்களும் போர்வையும் கட்டியிருக்கிறார்கள். சில நேரம் அவை பிடிக்கும். இரண்டைப் பற்றி அவள் பின்னேரம் முழுவதும் ஒருமுறைகூட நினைக்கவில்லை. அந்த நினைப்பு அவளுக்கு நெஞ்சில் இறங்க நேரமெடுத்தது, மனம் முழுக்க ஆறிடம் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது காது தன்பாட்டில் இரண்டைக் கேட்டிருக்கிறது. சந்தோசம் வரவில்லை. அடுத்த முறையும் ஆறு வரும், அல்லது ஐந்து, அல்லது ஏழு, வந்துகொண்டுதான் இருக்கும் என்று நினைத்தாள். வரட்டும்.

சபேசன் குனிந்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தான். கனநேரம் பார்த்தான். நிமிர்ந்து போய் ரயரின்மேல் இருந்தான். “ரெண்டு” என்றான். “ஓம், ரெண்டு.” “ஆறெண்டெல்லே சொல்லிக்கொண்டிருந்தனீர்.” “பிழையாத்தான் சொன்னனான்.” அவன் சிரிக்கப் பார்த்தான், முகம் சிரிப்புக்கு வரவில்லை. இடக்கையை மடியில் வைத்து வலக்கையால் பொத்திக்கொண்டான். ஆரணியிடமிருந்து அழைப்பு வந்து ரக்கின் படியில் கைபேசி அதிர்ந்தது, ஒருவரும் எடுக்கவில்லை, நின்றுவிட்டது. “நீர் முதல்தரம் காட்டேக்கையே நான் கண்டனான்” என்றான். “வடிவாக் கண்டனான். காணாத மாதிரி இருந்திட்டன். கொஞ்சம் விட்டாப் பச்சை விளக்கு விழுந்திடும், போயிடலாமெண்டு.”

“தெரியும்” என்றாள் வதனி.

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். தெற்குக் காற்றில் கூடாரத்தின் துணி படபடத்துக்கொண்டிருந்தது. அவள் பெரிய ஸ்பானரை எடுத்து அவனிடம் நீட்டினாள். “எழும்புங்கோ. சூப்பர்சார்ஜரை இறக்கோணும். அது பாரம், கிரேக்கால தனியத் தூக்கேலாது. நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கோ. அதுக்கு முதல் பிள்ளைக்கு ஒருக்கா போன் எடுங்கோ.”